என் பேரைத் தொடாதே

பாத்தீங்களா தம்பி, பாஸை நீட்டினேன், அந்தக் கண்டக்டர் பையன் வாங்கிக்கூடப் பாக்கலை. "சரி பெரியவரே, இருங்க"ன்னுட்டுப் போயிட்டான். அதுல பேரை எவ்வளவு அழகா அடிச்சிருக்கு. படிச்சா என்ன குறைஞ்சா போயிரும்? நானும் முப்பத்திரண்டு வருசம் டிக்கெட் கிழிச்சவன்தான். ஒருத்தரு பாஸ்னு நீட்டினா வாங்கி, பேரைப் படிச்சு, பேரைச் சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பேன். அது ஒரு மரியாதை.

இந்தாங்க, நீங்க படிங்க. சத்தமாவே படிங்க. ஆங்... ஆறுமுகநயினார். ஒரு எழுத்து விடாம படிச்சிட்டீங்க. படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான். நீங்களும் திருச்செந்தூருக்குத்தான? பேரு என்னமோ சொன்னீங்களே ஏறும்போது... செந்தில். சரி செந்தில், ஜன்னல் ஓரமா நீங்களே உக்காருங்க. நான் நடுவுல இறங்குதவன்.

என் பேரு திருச்செந்தூர்ல வீதி உலா வார சாமி பேரு, பாத்துக்கிடுங்க. எனக்கு முன்னால மூணு பிள்ளை தங்கலை. எங்க அய்யா மாலை போட்டு, நடந்தே போயி வேண்டிக்கிட்டு வந்து வச்ச பேரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஆறுமுகம்னு சுருக்கி எழுதிட்டாருன்னு வயல்லேருந்து சேத்துக் காலோட வந்து சண்டை போட்டாரு எங்க அய்யா. வாத்தியாரு பயந்து போயி திருத்தி எழுதினாரு. அப்படிப்பட்ட பேரு.

டெப்போவுல என்ன ஆச்சு தெரியுமா? நைனா. வேலைக்குச் சேந்த முதல் வாரத்துலயே எவனோ ஒருத்தன் ஆரம்பிச்சு வச்சான். நைனா, டீ சாப்பிடுவமா. நைனா, சில்லறை இருக்கா. நைனா, நாளைக்கு எனக்குப் பதிலா நீ போறியா. இப்படியே இருபத்தெட்டு வருசம். வாயில கூப்பிடுததைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் தம்பி. வாய்தான, காத்தோட போயிரும். ஆனா போர்டு அப்படி இல்லைல்ல?

எங்க டெப்போவுல டைம் கீப்பர் ரூமுக்கு வெளிய ஒரு கரும்பலகை இருக்கும். மறுநாள் யாருக்கு எந்த வண்டி, எந்த ரூட்டு, டிரைவர் யாரு, கண்டக்டர் யாருன்னு முந்தின நாள் சாயங்காலமே சாக்பீஸால எழுதிப் போட்டுருவாங்க. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த போர்டு போகலை. உள்ளேருந்து கண்ட்ரோலர் வாய்விட்டு வாசிப்பாரு, வெளிய நின்னு தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா எழுதுவாங்க. அவுக வீட்டுக்காரரு எங்க டெப்போவுலதான் டிரைவரா இருந்தாரு. ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. அந்த வாரிசு வேலைதான் இந்த அம்மாவுக்கு.

அந்த அம்மா என் பேரை என்னைக்காவது ஒழுங்கா எழுதியிருக்கும்ங்கீங்க? கிடையாது. ஒருநாள் ஆருமுகம்னு இருக்கும். ஒருநாள் நைனார். ஒருநாள் நாயனார். ஒருநாள் முகத்தையே காணும், ஆறுக்குப் பக்கத்துல ஒரு கோடு இழுத்திருக்கும். சரி, ஒரே தப்பைத் திருப்பித் திருப்பி எழுதினாக்கூட அவுகளுக்கு அப்படித்தான் தெரியும் போலன்னு விட்டுறலாம். தினம் ஒரு தப்பு. வேணும்னே பண்ணாம எப்படி வரும்?

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த டெப்போவுலயே என்னை முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டது அந்த அம்மா ஒண்ணுதான். "ஆறுமுகநயினார் அண்ணே, நாளைக்கு உங்களுக்கு அஞ்சு மணி வண்டி"ம்பாங்க. வாயில சுத்தமா வருது, கையில வரமாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்? அதான் எனக்கு ஆத்திரம். ரெண்டு தடவை நேராவே சொன்னேன். "மன்னிச்சிருங்கண்ணே, நாளைக்குச் சரியா எழுதிருதேன்"னாங்க. எழுதலை. மூணாவது தடவை நான் சொல்லலை. ஒரு நோட்டு வாங்கினேன்.

சிரிக்காதீங்க செந்தில். என்ன? செந்தூர்பாண்டியா? அட, ரெண்டும் அந்த முருகன் பேருதான தம்பி, அதுல என்ன இருக்கு. விஷயத்தைக் கேளுங்க.

சாயங்காலம் அந்த அம்மா எழுதி முடிச்ச உடனே போயி போர்டுக்கு முன்னால நிப்பேன். தேதி போட்டு, என் பேரை என்ன மாதிரி எழுதியிருக்கோ அப்படியே நோட்டுல எழுதிக்கிடுவேன். நாப்பத்தோரு நாள் எழுதினேன். நம்ம கோவத்துக்கு ஒரு ஆதாரம் வேணும்ல? சும்மா வாயால சொன்னா எவன் கேப்பான்.

அந்தச் சமயத்துல ஒருநாள் எங்க மாசானம் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. மாசானம் டிரைவரு, பதினோரு வருசம் நானும் அவனும் ஒரே வண்டி. நான் போறதுக்கு முன்னாடியே போர்டுக்குப் பக்கத்துல நிக்கான், விரலை எச்சி தொட்டு என் பேருல வச்சு அழிக்கப் போறான். இன்னொரு கையில சாக்பீஸ். எனக்கு வந்துது பாருங்க கோவம். கையைப் புடிச்சிட்டேன். "என் பேரைத் தொடாதே. எழுதினவங்க திருத்தட்டும். நீ யாரு இதுல விளையாட?"ன்னேன். அவன் விரலைச் சட்டையில துடைச்சிட்டுப் போயிட்டான். அவனும் அந்த அம்மாவும் சேந்துதான் என்னைக் கேலி பண்ணுதாங்கன்னு அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா அதுக்கெல்லாம்கூட நான் மனு எழுதலை தம்பி. என் மக விஷயத்துலதான் எழுதினேன். அதைச் சொல்லாட்டா நான் ஏதோ பேருக்குப் பைத்தியம் புடிச்சவன்னு நினைச்சிருவீங்க.

என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்துது. விளாத்திகுளம் பக்கம், பையன் வாத்தியாரு. பொண்ணு பாத்துட்டுப் போயி, பூ வைக்கலாம்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. என் வீட்டுக்காரி சேலைக்கடைக்குப் போறதுக்கு நாள் பாத்துட்டா. நம்ம பக்கத்துல வழக்கம்தான, பொண்ணு வீட்டுக்காரன் எப்பிடி, வேலை பாக்கிற இடத்துல என்ன பேருன்னு சத்தமில்லாம வந்து விசாரிப்பாங்க. அவங்க டெப்போவுக்கு வந்திருக்காங்க. கேட்ல ஒரு புது வாட்ச்மேன். "ஆறுமுகநயினார்னு கண்டக்டர் இருக்காரா?"ன்னு கேட்டிருக்காங்க. "அப்படி யாரும் இங்க இல்லையே"ன்னிருக்கான் அவன். உள்ள போயி போர்டைப் பாத்துட்டுப் போயிட்டாங்கன்னு மறுநாள் அந்த வாட்ச்மேனே எங்கிட்ட சொல்லுதான். அந்த வாரமே தரகர் வந்து, "இது தோதுப்படாதுன்னுட்டாங்க"ன்னாரு. என்ன காரணம்னு கேட்டேன், தெரியலைன்னாரு.

எனக்குத் தெரியாதா காரணம்? போர்டுல பேரே இல்லாத ஆளு வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? என் மக அழுதா. அவ அம்மா அழுதா. நான் அழலை. நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்து மனு எழுதினேன். நாலு பக்கம். கிளை மேலாளருக்கு ஒண்ணு, மண்டல அலுவலகத்துக்கு நகல் ஒண்ணு. "பெயரைத் தொடர்ந்து இழிவு செய்யும் போக்கு"ன்னு எழுதினேன், எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. என்கூட யாராவது கையெழுத்துப் போடுங்கடான்னு கேட்டேன். ஒருத்தன் போடலை. மாசானம் மட்டும், "நைனா, நகல் வேண்டாம். நம்ம மேலாளரோட நிறுத்திக்கோ. சொன்னாக் கேளு"ன்னான். எதுக்கு வேண்டாங்கான்னு சொல்லலை. எனக்கு அப்பத்தான் இன்னும் வேகம் வந்துது. அன்னைக்கே தபால்ல போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு மண்டலத்துலேருந்து ஒரு அதிகாரி வந்தாரு. சரியா சாயங்காலம், அந்த அம்மா போர்டு எழுதி முடிச்ச நேரம். என்னைக் கூப்பிட்டு நோட்டைப் புரட்டினாரு. "உங்க பேரை மட்டும்தான் எழுதி வச்சிருக்கீங்க. மத்தவங்க பேரெல்லாம் எப்படி எழுதியிருந்துது?"ன்னு கேட்டாரு. நாப்பத்தோரு நாள் அந்த போர்டு முன்னால நின்னவன் நான். மத்தவன் பேரை எதுக்குப் பாக்கேன்? போர்டுன்னா நம்ம பேரு எங்க இருக்குன்னுதான யாரும் பாப்போம்? நீங்களே சொல்லுங்க.

எந்திரிச்சு வெளிய வந்து போர்டைப் பாத்தாரு. நானும் அன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன். முப்பத்தாறு வரி. அதுல ஒழுங்கா இருந்த பேரு பத்துகூட இருக்காது. மாசானத்துக்குக் காலே இல்லை. ஒருத்தன் பேருக்கு மேல இன்னொருத்தன் பேரு ஏறி உக்காந்திருக்கு. வரியெல்லாம் கீழ் நோக்கிச் சரிஞ்சு போயி ஓரத்துல முட்டி நிக்கிது.

அதிகாரி அந்த அம்மாவைக் கூப்பிட்டாரு. "இதைப் படிங்கம்மா." அவுக போர்டுக்கு முன்னால நின்னு ஆரம்பிச்சாங்க. முதல் வண்டியிலேருந்து கடைசி வண்டி வரைக்கும், நம்பரு, ரூட்டு, டிரைவர் பேரு, கண்டக்டர் பேரு, ஒண்ணு தப்பலை. போர்டுல தப்பா இருக்கதெல்லாம் வாயில சரியா வருது. பத்தொம்பதாவது வரி என் பேரு. ஆறுமுகநயினார்னு கணீர்னு சொன்னாங்க. கண்ட்ரோலர் வாசிக்கும்போதே மனசுல வாங்கி வச்சிருக்காங்க, அம்புட்டையும்.

அந்த அதிகாரி கெட்டிக்காரரு. கையில இருந்த என் மனுவை அவுக கையில கொடுத்தாரு. "இதையும் படிச்சிருங்கம்மா."

வாங்கினாங்க. மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. லைட்டுப் பக்கமாத் திருப்பினாங்க. அப்புறம் காகிதத்தை மடிச்சு, "ஆறுமுகநயினார் அண்ணன் எழுதினதா சார்?"ன்னாங்க. "அவுக பேரைத்தான் என்னால ஒழுங்கா எழுத முடியலை. சர்க்கரை கண்ணுக்கு வந்திருச்சு சார். தப்பு என் மேலதான். அவுக மேல இல்லை"ன்னாங்க.

நான் நோட்டை எடுத்துக்கிட்டு ஷெட்டுப் பக்கமா நடந்தேன்.

அன்னைக்கு ஷெட்டுக்குப் பின்னாடி வச்சு மாசானம் சொன்னான். நாலு வருசமாவே அந்த அம்மாவுக்குப் பார்வை போயிக்கிட்டு இருந்திருக்கு. டெப்போ முழுக்க எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போர்டைப் பாக்க வரும்போது அவனவன் பேரை அவனவன் விரலால அழிச்சுத் திருத்திட்டுப் போயிருவானாம். அன்னைக்கு லீவுல இருக்கவன் பேரை மாசானம் திருத்துவானாம். விடிஞ்சு மேலாளர் வந்து பாக்கும்போது போர்டு சுத்தமா இருக்கும். என் பேரு ஒண்ணுதான் தப்பாவே நிக்கும். ஏன்னா நான்தான் நோட்டோட நின்னு காவல் காத்தேனே. தொடாதேன்னேனே.

"எங்கிட்ட ஏன்டே ஒரு வார்த்தை சொல்லலை?"ன்னு கேட்டேன். அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே. "சொன்னா நீ சட்டம் பேசுவே. எழுதிப் போட்டுருவியோன்னு பயம்"னான். அப்புறம், "சொல்லாமலே எழுதிப் போட்டுட்டே"ன்னான்.

அந்த அம்மாவை மெடிக்கலுக்கு அனுப்பினாங்க. இந்தக் கண்ணோட வேலை பாக்க முடியாதுன்னு சீட்டு வந்துது. ரெண்டு வருசம் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவுக மக அப்ப நர்சிங் சேந்து ஒரு வருசம் ஆகியிருந்துது. அதை நிறுத்திட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். ஒருத்தர் கண்ணு சரியில்லாம கவர்மெண்டு வேலை பாக்கக்கூடாதுல்ல? அதுவும் ஒரு நியாயம்தான. நான் எழுதாட்டாலும் ஒருநாள் தெரிஞ்சுதான் இருக்கும். இல்லையா? என்ன, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. சரி, இருங்க.

ஒண்ணு சொல்லணும். என் மனுவுக்குப் பலன் கிடைச்சுது. புதுசா வந்த பையன் கொட்டை எழுத்துல எழுதுவான், ஒரு புள்ளி தப்பாது. அதிகாரி வந்துட்டுப் போன மறுநாள் காலையிலேருந்து ஒருத்தன்கூட என்னை நைனான்னு கூப்பிடலை. "ஆறுமுகநயினார் சார், டிரிப் ஷீட்." "ஆறுமுகநயினார் சார், வண்டி எடுக்கலாமா?" முழுப்பேரு. கூட ஒரு சாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. டீக்கடையில நான் போயி நின்னா பெஞ்சுல இடம் விட்டு எந்திரிச்சிருவாங்க. மாசானம் வேற வண்டி கேட்டு வாங்கிக்கிட்டான். நாலு வருசம் தம்பி. அந்த நாலு வருசமும் எவனாவது பின்னாலேருந்து நைனான்னு ஒரு சத்தம் கொடுக்க மாட்டானான்னு இருந்துது.

ரிட்டயர் ஆகுற அன்னைக்கு வழக்கப்படி வண்டிக்கு வாழைமரம் கட்டினாங்க, மாலை போட்டாங்க. எல்லாருக்கும் செய்யுததை எனக்கும் செஞ்சாங்க. வீடு வரைக்கும் கொண்டு வந்து விட ஆறு பேரு வந்தாங்க. மத்தவனுக்கெல்லாம் வண்டி நிறைய வரும்.

இதெல்லாம் முடிஞ்சு போன கதைதான். என் மகளைக் கோவில்பட்டியில கட்டிக்கொடுத்து ரெண்டு பிள்ளையோட நல்லாத்தான் இருக்கா. நானும் மறந்துட்டுத்தான் இருந்தேன். போன ஆவணியில ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். பந்தியில பக்கத்துல ஒரு பெரியவரு. பேச்சுவாக்குல, நான் இன்ன டெப்போவுல கண்டக்டரா இருந்தேன்னு சொன்னேன். "அங்க நானும் ஒரு தடவை வந்திருக்கேன், பொண்ணு விஷயமா விசாரிக்க"ன்னாரு. எந்த ஊருன்னு கேட்டேன், விளாத்திகுளம் பக்கம்னாரு. அந்த வாத்தியாருப் பையனோட தாய்மாமன் அவரு.

அவரு சொல்லுதாரு, "கேட்ல இருந்தவன் அப்படி யாரும் இல்லைன்னுட்டான். உள்ள ஒரு அம்மா போர்டு எழுதிக்கிட்டிருந்தாங்க. ஆறுமுகநயினார்னு கேட்டதும் எழுதுறதை நிறுத்திட்டாங்க. எங்களை உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தாங்க. அவுகளை மாதிரி கை சுத்தமான மனுசன் இந்த டெப்போவுலயே கிடையாது, அந்த வீட்டுல பொண்ணு எடுக்கக் கொடுத்து வச்சிருக்கணும்னு அரைமணி நேரம் சொன்னாங்க. எங்களுக்கு ரொம்பத் திருப்தி. எங்க பயதான் கூட வேலை பாக்கிற பிள்ளையைக் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுத் தோதுப்படலைன்னு சொல்லிவிட்டோம்"னாரு.

நான் யாருன்னு அவருக்கு நான் சொல்லலை. இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டேன்.

நான் தினம் போயி முறைச்சிக்கிட்டு நின்னேனே, அந்த நாள்லதான் தம்பி அவுக அதைச் சொல்லியிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை, உங்களைத் தேடி வந்தாங்க, நான் இப்படிச் சொன்னேன்னு, ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பனா?

குரும்பூர் தாண்டிட்டா? அப்ப அடுத்தது ஞானையாபுரம் விலக்குதான். அங்கேருந்து பிரியுத ரோட்டுலதான் தங்கபுஷ்பம் அம்மா ஊரு. அங்கதான் நான் இறங்கணும்.

இது மூணாவது தடவை. முதல் தடவை அல்வா வாங்கிட்டு வந்தேன். விலக்குல இறங்கின பிறகுதான் புத்தியில உறைச்சுது, சர்க்கரைக்காரங்களுக்கு யாராவது அல்வா கொண்டு போவாங்களான்னு. எதிர் வண்டியில ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டாவது தடவை கொய்யாப்பழம். அவுக வீட்டு வேலி வரைக்கும் போயிட்டேன். வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க, விரலால தடவித் தடவி. என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிந்தாங்க. "யாரு?"ன்னாங்க. என் பக்கமாத்தான் பாத்தாங்க, ஆனா நான் தெரியலை. நான் வாயத் தெறக்கலை. "யாரு நிக்கது? சொல்லுங்க"ன்னாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

பயம்தான் தம்பி. வேற என்ன. ஒரு வார்த்தை நான் பேசினாப் போதும், குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க. திட்டுவாங்கன்னு எனக்குப் பயம் இல்லை. திட்டினா தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிடுவேன், ரெண்டு அடி அடிச்சாலும் பட்டுக்கிடுவேன். அவுக திட்ட மாட்டாங்க. "ஆறுமுகநயினார் அண்ணனா? வாங்கண்ணே, உக்காருங்க"ம்பாங்க. முழுப்பேரையும் சொல்லுவாங்க, ஒரு எழுத்து குறையாது. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி அந்த வாசல்ல நிப்பேன்?

செந்தூர்பாண்டி, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. ஆப்பிள்தான். பாத்து, அடிபட்டுறப் போகுது. எந்திரிச்சிருதேன், இன்னைக்குப் போயிருதேன்.

ஆமா, விலக்குதான். கண்டக்டர் கத்துதான் பாருங்க. வண்டி நின்னுட்டு.

இருங்க. வெயிலு ஏறிட்டு. இந்நேரம் அவுக சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருப்பாங்க. படுத்திருக்கவங்களைப் போயி எழுப்புறதா? திருச்செந்தூர் வரைக்கும் வந்துட்டுத் திரும்பும்போது இறங்கிக்கிடலாம். பாஸ்தான இருக்கு.

என்னையா பாக்கீங்க கண்டக்டர் தம்பி? இங்க இறங்க யாரும் இல்லைப்பா. போலாம், ரைட்.